நாலு விரற்கடை

பழைய தமிழ் அளவில் பன்னிரண்டு விரற்கடை ஒரு சாண், இரண்டு சாண் ஒரு முழம். இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு இன்றைய இரண்டு சொகுசுக் கார்களுக்குப் பக்கத்தில் நின்று பார்ப்போம். பிஎம்டபிள்யூ எக்ஸ்1 நீளம் 4500 மில்லிமீட்டர், அகலம் 1845. அதே நிறுவனத்தின் எக்ஸ்3 நீளம் 4755, அகலம் 1920. அதாவது நீளத்தில் ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல், அகலத்தில் நாலு விரற்கடை. இவ்வளவுதான் வித்தியாசம். விலையில் மட்டும் 20 லட்சத்துக்கு மேல் கூடுகிறது.

இரண்டும் ஒரே ஆலையில் கோர்க்கப்படுகிறவை. செங்கல்பட்டுக்குச் சற்று முன்னால், மஹிந்திரா சிட்டிக்குள், 2007 மார்ச்சில் தொடங்கிய ஆலை அது. சென்னையிலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடித்துத் திண்டிவனம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை போகிறவர்கள் எல்லோரும் அதை ஒட்டித்தான் போகிறோம். பௌர்ணமிக்கு முந்தைய சாயங்காலம் செஞ்சி ரோட்டில் நின்றால் இந்த இரண்டு வண்டியும் அண்ணன் தம்பி மாதிரி அடுத்தடுத்து வருவதைப் பார்க்கலாம்.

"ஃபேமிலிக்குன்னா பெருசா எடுத்துடுங்க சார், பின்னாடி வருத்தப்படக் கூடாது" என்பது ஷோரூம் குரல். "டவுனுக்குள்ள ஓட்டணும்னா சின்னதே போதும்பா" என்பது வீட்டுக் குரல். இந்த இரண்டு குரலுக்கும் நடுவில் ஒரு நீண்ட சரித்திரம் இருக்கிறது. எது பெரிய வண்டி, எது சின்ன வண்டி என்பதை யார் முடிவு செய்தார்கள்? தெருவா, வாங்குகிறவரா, அரசாங்கமா? இதைத் திருவண்ணாமலையில் வைத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. வண்டியின் அளவைப் பற்றி அந்த ஊர் பல நூற்றாண்டுகளாக யோசித்து வந்திருக்கிறது.

தேருக்கு ஒரு தெரு

தமிழ்நாட்டில் கோயில் உள்ள பல ஊர்களில் 'கார் ஸ்ட்ரீட்' என்று ஒரு பெயர்ப்பலகை இருக்கும். மோட்டார் கார் வருவதற்கு முன்பே வந்த பெயர் அது. வெள்ளைக்காரர்கள் தேரை 'கார்' என்றார்கள், தேரோடும் வீதி கார் ஸ்ட்ரீட் ஆனது. ஆக, நம் ஊர்களின் முதல் கார், தேர்தான்.

திருவண்ணாமலையில் அந்தக் கார் ஒன்றல்ல, ஐந்து. கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் பஞ்ச ரதம். முதலில் விநாயகர், பிறகு முருகர், அதன்பின் அண்ணாமலையாரின் பெரிய தேர், அடுத்து பெண்கள் வடம் பிடிக்கும் அம்மன் தேர், கடைசியில் சின்னப் பிள்ளைகள் இழுக்கும் சண்டிகேஸ்வரர் தேர். ஐந்தும் ஐந்து அளவு. இழுப்பவர் யார் என்பதற்கும் தேரின் அளவுக்கும் சம்பந்தம் இருக்கிறது. சண்டிகேஸ்வரர் தேரின் எடை பிள்ளைகளின் தோளுக்குத் தகுந்த எடை.

கவனிக்க வேண்டிய விஷயம் இன்னொன்று. ஒரு தேர் நிலைக்கு வந்த பிறகே அடுத்தது கிளம்பும். காலையில் தொடங்கினால் கடைசித் தேர் நிலை சேர நள்ளிரவு ஆகிவிடுகிறது. நான்கு மாட வீதிகளிலும் ஒரு நேரத்தில் ஒரே ஒரு பெரிய வண்டி. அது போகும்போது மற்ற எல்லாமே நிற்கும், ஒதுங்கும். மூலையில் திரும்புவதுதான் பெரிய வித்தை. சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டையைச் செருகி, அங்குலம் அங்குலமாகத் தேரின் முகத்தைத் திருப்புவார்கள். 'முட்டுக்கட்டை போடாதே' என்று இன்று திட்டுவதற்குப் பயன்படுத்துகிறோம். தேருக்கு முட்டுக்கட்டைதான் பிரேக், அதுதான் ஸ்டீயரிங். பிற்காலத்தில் தமிழகத்தின் பல தேர்களுக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. அதற்குப் பிறகும் முட்டுக்கட்டை போடுகிறவருக்கு வேலை போகவில்லை.

தேரின் அகலம் தெருவைப் பார்த்து அமைந்தது. தெருவின் அகலம் தேருக்காகக் காப்பாற்றப்பட்டது. தேரோடும் வீதியில் திண்ணையை முன்னால் இழுத்துக் கட்ட முடியாது. வருஷம் ஒரு நாள் வருகிற வண்டிக்காக மற்ற நாளெல்லாம் தெரு திறந்து கிடந்தது. அந்த இடத்தில்தான் சந்தை, பூக்கடை, பிள்ளைகளின் விளையாட்டு எல்லாம். மிகப் பெரிய வண்டி ஊரின் பொது வண்டியாக இருந்ததால் வந்த லாபம் இது.

வில் வண்டியிலிருந்து பிளஷர் வரை

சொந்த வண்டி என்பது வேறு கதை. தீபத்தோடு சேர்ந்து நடக்கும் மாட்டுச் சந்தைக்கும் திருவிழாவுக்கும் சுற்றுக் கிராமங்களிலிருந்து ஜனங்கள் மாட்டு வண்டியில்தான் வந்தார்கள். அதிலும் தரம் உண்டு. நெல் மூட்டை ஏற்றுகிற பார வண்டிக்கு மேல் ஒரு கூண்டு கட்டினால் குடும்பமே ஏறலாம். பெரிய வண்டி, ஆனால் ஒவ்வொரு குழியும் முதுகெலும்பில் தெரியும். வசதி உள்ளவர்கள் வைத்திருந்தது வில் வண்டி. அச்சுக்கு மேல் இரும்புப் பட்டைகளை வில் மாதிரி அடுக்கி, அதன்மேல் உட்காரும் பெட்டி, உள்ளே வைக்கோல் பரப்பி மெத்தை. அளவில் சின்னது, ஆட்கள் குறைவாகத்தான் ஏற முடியும், ஆனால் குலுங்காது. நம் ஊர் முதல் 'காம்பாக்ட் சொகுசு' வண்டி அதுதான். அந்தக் காலத்தில் சொகுசு என்றால் சின்னது என்று அர்த்தம். பெரியது என்றால் சுமை.

மோட்டார் கார் வந்தபோது கிராமத்து ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் 'பிளஷர்'. பிளஷர் கார் என்ற ஆங்கிலப் பேச்சிலிருந்து பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பாட்டிமார் வாயில் "பண்ணையார் வீட்டு பிளஷர்" என்று வரும். பஸ்ஸும் லாரியும் வேலைக்கான வண்டி, கார் இன்பத்துக்கான வண்டி. லக்ஷுரி கார் என்று இன்று தனியாகச் சொல்கிறோம். நூறு வருஷத்துக்கு முன் எல்லாக் காருமே லக்ஷுரிதான், பெயரிலேயே இருந்தது.

1938-ல் ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் ரமண மகரிஷியைப் பார்க்கச் சென்னையிலிருந்து காரில் திருவண்ணாமலை வந்தார். பின்னாளில் அந்தப் பயணத்தைப் பற்றி எழுதும்போது ரோட்டின் புழுதியையும் குலுக்கலையும் சொல்கிறார். காரணமும் சொல்கிறார்: பாரம் ஏற்றிய மாட்டு வண்டிச் சக்கரங்கள் அறுத்துப் போட்ட ஆழமான தடங்கள். தரையிலிருந்து உயரமாக நிற்கிற வண்டி வேண்டும் என்ற ஆசை விளம்பரத்தால் வந்ததல்ல, இந்த மாதிரி ரோட்டிலிருந்து வந்தது. 1908-ல் அமெரிக்காவில் வந்த ஃபோர்டு மாடல் டி உயரமாக நின்றதற்கும் அங்கிருந்த பண்ணைச் சாலைகளே காரணம்.

அம்பாஸிடரா, ஃபியட்டா?

சுதந்திரத்துக்குப் பிறகு தமிழ்நாட்டு நடுத்தர வர்க்கத்துக்கு முன்னால் இருந்த கேள்வி இதுதான். 1957-ல் வந்த அம்பாஸிடர் சுமார் 4.3 மீட்டர் நீளம். அறுபதுகளில் வந்த ஃபியட் 1100 டி, பிறகு பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறியது, 4 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. மூன்றாவதாக நம் ஊர்க் கார் ஒன்றும் இருந்தது. வண்டலூரில், அதே ஜி.எஸ்.டி. ரோட்டில், ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலை 1961-லிருந்து ஹெரால்டைக் கோர்த்துக் கொடுத்தது. ஆலை எண்பதுகளின் கடைசியில் நின்றுபோனது.

டாக்டர், வக்கீல், சினிமாக்காரர் ஃபியட் வாங்கினார்கள். பெரிய குடும்பமும், டாக்ஸிக்காரரும், சர்க்காரும் அம்பாஸிடர். திருவண்ணாமலைக்கு ஒரு அம்பாஸிடர் டாக்ஸி வருகிறது என்றால் முன்னால் மூன்று, பின்னால் ஐந்து, மடியில் இரண்டு. அதன் உயரமான சீட்டும் முன்பக்கம் நீண்ட சோஃபாவும் கோயில் யாத்திரைக்கென்றே செய்தவை போல இருந்தன.

அதற்குப் பக்கத்தில் இன்னொரு வண்டி ஓடியது: ஜீப். இரண்டாம் உலகப் போருக்காகச் செய்யப்பட்ட வில்லிஸ் ஜீப்பை நாற்பதுகளின் இறுதியில் மஹிந்திரா இங்கே கோர்க்கத் தொடங்கியது. நீளத்தில் அம்பாஸிடரைவிட ஏறக்குறைய ஒரு மீட்டர் குறைவு. ஆனால் கிராமத்தில் ஜீப் சத்தம் கேட்டால் யாரும் அதைச் சின்ன வண்டி என்று நினைக்கவில்லை. தாசில்தார் வருவார், பிடிஓ வருவார், போலீஸ் வரும். உயரமான வண்டியிலிருந்து குனிந்து பார்க்கிறவருக்கு அதிகாரம் இருக்கிறது என்ற பழக்கம் நம் மனதில் அப்போது உட்கார்ந்தது. 1989 செப்டம்பர் 30-ல் வட ஆற்காட்டைப் பிரித்துத் திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆனபோது ஊருக்குக் கலெக்டர் அலுவலகம் வந்தது, கூடவே ஜீப்புகளும் பெருகின. அதற்குப் பின்னால் சுமோ, குவாலிஸ், ஸ்கார்பியோ. அதிகாரியின் உயரம் மெல்ல ஒன்றியச் செயலாளருக்கும் கான்ட்ராக்டருக்கும் வந்து சேர்ந்தது.

சட்டம் பெற்ற பிள்ளை

ஜீப் எப்படி சொகுசு வண்டி ஆனது? இதற்குக் கொஞ்சம் வெளிநாடு போய் வர வேண்டும். 1964-ல் அமெரிக்கா இறக்குமதியாகும் சிறு லாரிகளுக்கு 25 சதவீத வரி போட்டது. ஐரோப்பிய நாடுகள் அமெரிக்கக் கோழிக்கறிக்கு வரியை ஏற்றியதற்குப் பதிலடி அது. 'கோழி வரி' என்றே பெயர். 1975-ல் எரிபொருள் சிக்கனச் சட்டம் வந்தது. அதில் கார்களுக்குக் கண்டிப்பான அளவு, சிறு லாரி வகைக்குத் தளர்வான அளவு. கம்பெனிகள் கணக்குப் போட்டன. குடும்பம் உட்காரும் வண்டியை லாரி வகையில் காட்டிவிட்டால் வெளிநாட்டுப் போட்டியும் குறைவு, எரிபொருள் கெடுபிடியும் குறைவு. எஸ்யூவி என்ற இனம் கொழுத்தது இப்படித்தான். காட்டுப் பாதையில் ஓட்டுவது விளம்பரத்தில் இருந்தது, கணக்கு சட்டத்தில் இருந்தது.

பணக்காரர்கள் பக்கத்தில் 1970-ல் ரேஞ்ச் ரோவர் வழி காட்டியிருந்தது. 1990களின் இறுதியில் பென்ஸ், லெக்சஸ், பிஎம்டபிள்யூ மூன்றும் அடுத்தடுத்து இறங்கின. 1999-ல் எக்ஸ்5. அது பலருக்குப் பெரிதாகவும் விலை அதிகமாகவும் இருந்ததால் 2003-ல் எக்ஸ்3. அதையும் சின்னதாக்கி 2009-ல் எக்ஸ்1. ஒவ்வொரு தடவையும் ஒரு படி கீழே இறங்கி இன்னும் கொஞ்சம் பேரைச் சேர்த்துக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொன்றும் தலைமுறைக்குத் தலைமுறை வளர்ந்தது.

இதில் வேடிக்கை, வகைப் பெயர்கள். அமெரிக்காவில் எக்ஸ்3-தான் 'காம்பாக்ட்', எக்ஸ்5-தான் 'மிட்சைஸ்'. சென்னையில் எக்ஸ்1 காம்பாக்ட், எக்ஸ்3 மிட்சைஸ் என்று பேசுகிறோம். அதே சென்னையில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செய்யும் ஹூண்டாய் கிரெட்டாவையும் 'மிட்சைஸ்' என்கிறோம். அதன் நீளம் 4330 மில்லிமீட்டர். காம்பாக்ட் என்று சொல்லப்படும் எக்ஸ்1 அதைவிட 170 மில்லிமீட்டர் நீளம்! இன்னும் ஒன்று: கிரெட்டாவும் பழைய அம்பாஸிடரும் நீளத்தில் கிட்டத்தட்ட சமம். அகலத்தில்தான் ஏழு விரற்கடை கூடியிருக்கிறது. நம் தாத்தாவின் பெரிய கார், நமக்கு நடுத்தரக் கார். அந்தத் தெரு மட்டும் அதே தெரு.

நான்கு மீட்டர்

இந்தியாவில் அளவுக்கு ஒரு தெளிவான கோடு விழுந்தது 2006 பட்ஜெட்டில். நிதியமைச்சர் ப. சிதம்பரம் சின்னக் கார்களுக்கான கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். எது சின்னக் கார்? நீளம் 4000 மில்லிமீட்டருக்குள், பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள், டீசல் என்றால் 1500 சிசிக்குள். இந்த அளவை 1966-க்குக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். ஃபியட் உள்ளே வந்துவிடும், அம்பாஸிடர் வெளியே நிற்கும். அன்று மக்கள் வாயில் இருந்த பெரிய கார் – சின்னக் கார் பிரிவினைக்கு இன்று டெல்லி ஒரு எண் கொடுத்தது.

எண் வந்ததும் கத்திரிக்கோலும் வந்தது. 2008-ல் டாடா இண்டிகோவின் வாலை வெட்டி இண்டிகோ சிஎஸ் வந்தது. 4160 மில்லிமீட்டர் இருந்த ஸ்விஃப்ட் டிசையர் 2012-ல் 3995 ஆனது. டிக்கி மட்டும் சுருங்கியது. 2013-ல் மறைமலை நகரில், மறுபடியும் அதே ஜி.எஸ்.டி. ரோட்டில், ஃபோர்டு ஆலை எக்கோஸ்போர்ட்டை 4 மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் குறைவாக வெளியே விட்டது. அதே பாடிக்குள் 1500 சிசி பெட்ரோல் இன்ஜினைப் போட்டால் சலுகை கிடையாது, 1000 சிசி டர்போவைப் போட்டால் சலுகை உண்டு. அந்த வண்டிதான் இந்தியாவில் சின்ன எஸ்யூவி மோகத்தைக் கிளப்பியது. அந்த ஆலை 2022-ல் உற்பத்தியை நிறுத்தியது, மோகம் நிற்கவில்லை.

2013 பட்ஜெட்டில் அதே சிதம்பரம் எஸ்யூவிகளுக்கான வரியை 27-லிருந்து 30 சதவீதமாக ஏற்றினார். அவர் சொன்ன காரணம் முக்கியமானது: இவை ரோட்டிலும் பார்க்கிங்கிலும் அதிக இடத்தைப் பிடிக்கின்றன, அதனால் அதிக வரி கட்ட வேண்டும். ஒரு மத்திய பட்ஜெட் உரையில் தெருவின் பக்கம் நின்று பேசப்பட்ட அபூர்வமான வாக்கியம் அது. ஆனால் விதியில் எஸ்யூவி என்பதற்குத் தரையிலிருந்து 170 மில்லிமீட்டர் உயரம் என்று ஒரு நிபந்தனையும் இருந்தது. மஹிந்திரா தன் எக்ஸ்யூவி500-ன் ஒரு ரகத்தைத் தாழ்த்தி 160 மில்லிமீட்டர் ஆக்கியது. வண்டி பிடிக்கிற இடம் குறையவில்லை, வரி குறைந்தது.

பிறகு 2017-ல் இன்னொரு ஜி.எஸ்.டி. வந்தது. ரோட்டுக்கும் வரிக்கும் ஒரே பெயர் அமைந்தது நம் அதிர்ஷ்டம். 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் காருக்கு 18 சதவீதம், மற்றவற்றுக்கு 40. அந்த 4 மீட்டர் கோடு மட்டும் அப்படியே இருக்கிறது. எக்ஸ்1, எக்ஸ்3 இரண்டும் கோட்டுக்கு அந்தப் பக்கம், இரண்டுக்கும் ஒரே 40. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றப்பட்ட ஆயுட்கால வரியும் விலையைத்தான் பார்க்கிறது: 20 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம். நீளத்தில் ஒரு கோடு இருக்கிறது. அகலத்துக்கு எங்கேயும் கோடு கிடையாது. கார்கள் எந்தப் பக்கம் வளர்ந்தன என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

அகலத்துக்கு யார் பணம் கட்டுவது?

எக்ஸ்3-ன் அந்த நாலு விரற்கடை பின் சீட்டில் உட்காரும் மூன்றாவது ஆளுக்குத் தோள் வைக்க இடம் தருகிறது. ஒரு சாண் நீளம் டிக்கியில் இன்னொரு பெட்டிக்கும், வயதான அம்மா காலை நீட்டுவதற்கும் ஆகிறது. பொய் இல்லை, நிஜமான சுகம். வாரா வாரம் ஐந்து பேராக நெடுஞ்சாலையில் போகிற குடும்பத்துக்கு அது அர்த்தமுள்ள வித்தியாசம். செஞ்சி ரோடு பல வருஷம் தோண்டிப்போட்டபடியே கிடந்ததை அனுபவித்தவர்கள் பெரிய சக்கரத்துக்கு ஆசைப்பட்டால் குறை சொல்ல முடியாது.

ஆனால் திருவண்ணாமலைக்குள் நுழைந்ததும் கணக்கு மாறுகிறது. செங்கம் ரோட்டில் ரமணாசிரமத்துக்கு முன்னால் ஆட்டோவும், பஸ்ஸும், இளநீர் வண்டியும், வெறுங்காலில் நடப்பவர்களும் ஒரே தாரைப் பகிர்ந்துகொள்கிறார்கள். பக்கக் கண்ணாடிகளை விரித்தால் இந்த இரண்டு வண்டியும் 2 மீட்டரைத் தாண்டிவிடும். எதிரெதிரே இரண்டு வந்தால் அந்த நாலு விரற்கடை எட்டு விரற்கடை ஆகிறது. அந்த எட்டு விரற்கடை, ஓரத்தில் நடக்கிறவரின் இடம்.

கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். தொண்ணூறுகளுக்குப் பிறகு பௌர்ணமிக்கு லட்சக்கணக்கில் ஜனம் வரத் தொடங்கியது. பாதையை அகலமாக்க வேண்டும் என்று 2016-ல் வேலை தொடங்கியபோது ஓரத்து மரங்கள் விழுந்தன. ஊர்க்காரர்களும் ஆர்வலர்களும் எதிர்த்தார்கள், தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வேலையை நிறுத்திவைத்தது. நடப்பவர்களுக்காகத்தான் அகலப்படுத்துகிறோம் என்று சொல்லப்பட்டது. நடப்பவர்களுக்கு வேண்டியது நிழல் அல்லவா? மலை சுற்றுகிறவர் கேட்பது வெறுங்காலுக்குச் சுடாத மூன்றடி இடம். மூன்றடியை ஏழடியாக்கச் சொல்வது வண்டி. எந்தத் தனி எக்ஸ்3-ம் ஒரு மரத்தை வெட்டவில்லை. ஆனால் ஊரே ஏழு விரற்கடை, நாலு விரற்கடை என்று அகலமாகிக்கொண்டு போனால் கடைசியில் கோடாரி எந்தப் பக்கம் போகும் என்பது தெரிந்ததுதான்.

அதனால் காம்பாக்டா மிட்சைஸா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது. அந்தப் பெயர்களை மறந்துவிடுங்கள். அவை ஒரு நாட்டில் ஒரு அர்த்தம், இன்னொரு நாட்டில் இன்னொன்று. ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு உங்கள் தெருவுக்குப் போங்கள். எதிர் வீட்டு ஸ்கூட்டர் நிற்கும்போது, பால்காரர் சைக்கிள் வரும்போது, மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். வாரத்தில் எத்தனை நாள் ஐந்து பேர் ஏறுகிறீர்கள் என்று நேர்மையாக எண்ணுங்கள். பெரும்பாலான நாள் ஒருவரோ இருவரோ என்றால் சின்னதே போதும், மிச்சமாகும் 20 லட்சத்தில் வருஷம் முழுக்க டாக்ஸியில் பெரிய வண்டி அமர்த்திக் குடும்பத்தோடு மலை சுற்றப் போகலாம். தேரை வருஷத்துக்கு ஒரு நாள் வெளியே எடுத்தவர்களின் கணக்கும் ஏறக்குறைய இதேதான்.

டெஸ்ட் டிரைவை ஷோரூம் வாசலிலிருந்து பைபாஸ் வரை எடுக்காதீர்கள். அங்கே எல்லா வண்டியும் நன்றாகத்தான் ஓடும். உங்கள் தெருவுக்குள் எடுத்துப் பாருங்கள். முடிந்தால் திருவண்ணாமலைக்கே போய்ப் பாருங்கள், பௌர்ணமி தவிர்த்து. பௌர்ணமியன்று திண்டிவனம் ரோட்டிலேயே, ஊருக்கு வெளியே, தற்காலிகப் பார்க்கிங்கில் போலீஸ் நிறுத்திவிடுவார்கள். எக்ஸ்1 ஆனாலும் எக்ஸ்3 ஆனாலும் அங்கிருந்து நடைதான்.